வெஸ்ட்செயில் 32, கான்டெஸா 32, ஆல்பின் வேகா: பழைய பாய்ப்படகு வாங்குவதென்றால் எது?

புதுப் பாய்ப்படகுக்குப் பணம் போதாது. ஆனாலும் கரையை விட்டு வெளியே போக வேண்டும், முடிந்தால் ஒரு பெருங்கடலையாவது தாண்டிப் பார்க்க வேண்டும். இப்படி நினைக்கிறவர்கள் கடைசியில் 1960, 70-களில் வார்த்த ஃபைபர்கிளாஸ் படகுகளிடம்தான் வந்து நிற்கிறார்கள். அமெரிக்கக் கரைகளில் தேடினால் வெஸ்ட்செயில் 32 கண்ணில் படும். இங்கிலாந்தின் தென்கரையில் கான்டெஸா 32. ஸ்வீடன் தொடங்கி வட ஐரோப்பா முழுக்க ஆல்பின் வேகா. மூன்றுமே கடல் தாண்டிப் பெயர் வாங்கியவை. எது நல்லது என்று மூன்று உரிமையாளர்களைக் கேட்டால் மூன்று பதில் வரும், மூன்றும் உண்மையாகவே இருக்கும். வாங்க வந்தவர் அங்கேதான் திகைத்துப் போகிறார்.

கேள்வியைக் கொஞ்சம் மாற்றிக் கேட்டால் வழி தெரியும். எவ்வளவு எடையை, எவ்வளவு நீள நீர்க்கோட்டில் (தண்ணீர் மட்டத்தில் படகின் நீளம்), எந்தக் காற்றில் இழுக்கப்போகிறீர்கள்? படகின் வேகம், அலையில் அதன் ஆட்டம், ஏற்றக்கூடிய சாமான், வருடச் செலவு எல்லாமே எடையிலிருந்துதான் கிளம்புகின்றன. புயலில் காப்பாற்றுகிற அதே எடைதான் மெல்லிய காற்றில் படகை நகரவிடாமல் பிடித்துவைக்கிறது.

## எதை வைத்து அளப்பது

முதல் அளவு, எடைக்கும் நீர்க்கோட்டு நீளத்துக்கும் உள்ள விகிதம். நீர்க்கோட்டு நீளத்தை அடியில் எடுத்து நூறால் வகுத்து, வருவதன் மூன்றாம் அடுக்கை (வருவது × வருவது × வருவது) எடுங்கள். படகின் எடையை 2,240 ராத்தல் கொண்ட பெரிய டன்னில் எழுதி அதனால் வகுத்தால் விகிதம் கிடைக்கும். 200-க்குக் கீழே இருந்தால் இலகுவான படகு, 300-ஐத் தாண்டினால் கனம், 400 என்றால் மிகக் கனம்.

இரண்டாவது, பாயின் பரப்புக்கும் எடைக்கும் உள்ள விகிதம். இதில் ஏமாறுவது சுலபம். ஒரு விளம்பரத்தாள் ஜெனோவா என்ற பெரிய முன்பாயையும் சேர்த்துப் பரப்பு சொல்லும், இன்னொன்று சேர்க்காது. அதனால் நீங்களே அளந்து கணக்குப் போடுங்கள். மெயின் பாய்க்கு (பாய்மரத்தின் பின்னே விரியும் முதன்மைப் பாய்) அதன் உயரத்தையும், அதன் அடியை விரித்துப் பிடிக்கும் கழியான பூமின் நீளத்தையும் பெருக்கிப் பாதியாக்குங்கள். முன்முக்கோணத்துக்கு, முன் ஸ்டே (பாய்மரத்தை முன்னிருந்து இழுத்துப் பிடிக்கும் கம்பி) பாய்மரத்தைத் தொடும் உயரத்தையும், பாய்மரத்தின் அடியிலிருந்து அந்த ஸ்டே டெக்கைத் தொடும் இடம் வரையுள்ள நீளத்தையும் பெருக்கிப் பாதியாக்குங்கள். இரண்டையும் கூட்டினால் வருவதுதான் எல்லாப் படகுக்கும் பொதுவாக ஒப்பிடத்தக்க எண்.

மூன்றாவது, கவிழ்ந்தால் மீளுமா என்பது. 1979-இல் ஃபாஸ்ட்நெட் என்ற பாய்ப்படகுப் பந்தயம் புயலில் சிக்கிய பிறகு பரவலான எளிய சூத்திரம் ஒன்று உண்டு. அகலத்தை அடியிலும் எடையை ராத்தலிலும் எடுத்து, எடையை 64-ஆல் வகுத்து அதன் கனமூலத்தால் அகலத்தை வகுப்பது. விடை 2-க்குள் இருந்தால் கடலுக்கு ஏற்றது என்பார்கள். ஆனால் அடிப்பாரம் (படகை நிமிர்த்திவைக்க அடியில் வைக்கும் பாரம்) எங்கே இருக்கிறது என்று இந்தச் சூத்திரம் கேட்பதே இல்லை. கீலில் (படகின் அடியில் நீளவாக்கில் இறங்கும் பகுதி) இருக்கிற ஈயத்தைப் பாய்மர உச்சியில் கட்டினாலும் அதே விடைதான் வரும்! ஆகவே இதை முதல் சல்லடையாக மட்டும் வைத்துக்கொண்டு, அடிப்பாரம் மொத்த எடையில் எத்தனை சதவீதம் என்பதையும் சேர்த்தே பாருங்கள்.

நான்காவது, அலையில் ஆட்டம் எவ்வளவு மெதுவாக இருக்கும் என்பது. வடிவமைப்பாளர் டெட் ப்ரூவர் வகுத்த அசைவு எண் அதைக் காட்டும். எண் கூடக்கூட ஆட்டம் நிதானமாகும்.

மற்றவை கணக்கில் வராதவை: எதிர்க்காற்றில் ஏறும் திறன், சாமான் தாங்கும் சக்தி, வருடச் செலவு, ஐம்பது வருடத்தில் படகுக்குள் பழுத்துப்போன குறைகள்.

| | வெஸ்ட்செயில் 32 | கான்டெஸா 32 | ஆல்பின் வேகா |
|---|---|---|---|
| ஹல் (படகின் உடல்) நீளம் | 32 அடி | 32 அடி | 27 அடி 1 அங்குலம் |
| நீர்க்கோடு | 27 அடி 6 அங்குலம் | 24 அடி | 23 அடி |
| அகலம் | 11 அடி | 9 அடி 6 அங்குலம் | 8 அடி 1 அங்குலம் |
| தண்ணீருக்குள் ஆழம் | 5 அடி | 5 அடி 6 அங்குலம் | 3 அடி 10 அங்குலம் |
| எடை (அடைப்புக்குள் மெட்ரிக் டன்) | 19,500 ராத்தல் (8.85 டன்) | 9,500 ராத்தல் (4.3 டன்) | 5,070 ராத்தல் (2.3 டன்) |
| அடிப்பாரம் | 36% | 47% | 40% |
| எடை–நீள விகிதம் | 419 | 307 | 186 |
| கவிழ்வு எண் | 1.64 | 1.79 | 1.88 |
| அசைவு எண் | 42 | 27 | 20 |
| ஹல்லின் உச்ச வேகம் (நாட் = மணிக்கு ஒரு கடல் மைல்) | 7.0 நாட் | 6.6 நாட் | 6.4 நாட் |

கடைசி வரியைக் கவனியுங்கள். மூன்று படகுக்கும் இடையே உச்ச வேகத்தில் அரை நாட்டுக்குச் சற்று மேல்தான் வித்தியாசம். நல்ல காற்று வீசும்போது எல்லாமே ஏறக்குறைய ஒரே வேகத்தில் ஓடும். வித்தியாசம் தெரிவது காற்று குறையும்போதும், காற்று எதிரே வரும்போதும்தான்.

## வெஸ்ட்செயில் 32

இதன் வம்சம் நார்வேயில் தொடங்குகிறது. மீனவர்களைக் காப்பாற்றப் புயலில் வெளியே போகும் மீட்புப் படகுகளுக்காகக் காலின் ஆர்ச்சர் வரைந்த வடிவம் அது. முன்னும் பின்னும் கூம்பி, வயிறு பருத்து, கீல் அடி முழுக்க ஓடும். 1920-களில் அமெரிக்காவின் வில்லியம் ஆட்கின் அதைச் சுருக்கி 32 அடியில் 'எரிக்' என்ற படகை வரைந்தார். பம்பாயில் தேக்கு மரத்தில் கட்டிய 'சுஹைலி' இந்த எரிக் வடிவம்தான். அதில்தான் ராபின் நாக்ஸ்-ஜான்ஸ்டன் 1968 ஜூன் 14-இல் ஃபால்மத்திலிருந்து கிளம்பி, எங்கும் நிற்காமல், தனியாக உலகைச் சுற்றி 1969 ஏப்ரல் 22-இல் அதே துறைமுகத்துக்குத் திரும்பினார். அந்த எரிக்கை வில்லியம் கிரீலாக் ஃபைபர்கிளாஸுக்கு மாற்றி வரைந்தார். 1970-களில் கலிஃபோர்னியாவில் எண்ணூறுக்கும் மேல் வார்த்தார்கள்.

இதன் பலம் கடலில் கிடக்கும் நிதானம். எதிரே வரும் அலை இதை நிறுத்திவிடாது, கனம் உந்திக்கொண்டு போகும். காற்று மிகுந்தால் மெயின் பாயைச் சுருக்கி, ஸ்டேசெயில் என்ற சிறிய முன்பாயை எதிர்ப்பக்கம் இழுத்துக் கட்டி, சுக்கானைத் திருப்பும் கைக்கோலான டில்லரைக் காற்று போகும் பக்கம் தள்ளிக் கட்டினால் போதும். படகு காற்றுக்கு ஒருபக்கமாய்த் திரும்பிக்கொண்டு மெல்ல நழுவியபடி கிடக்கும், ஆள் உள்ளே போய்த் தூங்கலாம். 1991 அக்டோபர் கடைசியில் அட்லாண்டிக்கில் அடித்த பெரும் புயலில் 'சடோரி' என்ற வெஸ்ட்செயில் 32-இலிருந்து ஆட்களை அமெரிக்கக் கடலோரக் காவல்படை மீட்டது. ஆளில்லாத படகு சில நாள் கழித்து மேரிலாந்து கரையில், மணலில் ஒதுங்கி, பெரிய சேதமில்லாமல் கிடந்தது.

பலவீனத்தையும் மறைக்க வேண்டாம். அமெரிக்கர்கள் இதை 'வெட்ஸ்னெயில்', அதாவது 'ஈர நத்தை' என்று பெயரைத் திரித்தே கூப்பிட்டார்கள். 629 சதுர அடிப் பாய் இருந்தும் பாய்–எடை விகிதம் 14-ஐத் தாண்டாது. முழுக் கீலினால் தண்ணீரைத் தொடும் பரப்பு அதிகம். ஏழு, எட்டு நாட் காற்றில் மற்றப் படகுகள் ஓடிக்கொண்டிருக்கும்போது இது நின்றுவிடும். கீலுக்குப் பின்னே வெட்டிய இடத்தில் மூன்று இதழ் உந்துசுழலி அசையாமல் நிற்பது தண்ணீருக்குள் வாளியைக் கட்டி இழுப்பது போலத்தான்.

அடுத்தது டில்லரின் கனம். காற்று கூடும்போது படகு தானே காற்றை நோக்கித் திரும்பப் பார்க்கும், அதைத் தடுக்க டில்லரை முழுப் பலத்தோடு இழுத்துப் பிடிக்க வேண்டியிருக்கும். மெயின் பாயின் அடிநீளத்தைக் குறைத்துத் தைப்பது, பாய்மரத்தின் பின்சாய்வைக் குறைப்பது, முதல் ரீஃபை (பாயை ஒரு படி சுருக்கிக் கட்டுவது) மற்றவர்களுக்கு முன்பே போடுவது ஆகியவற்றால் இது பெரும்பாலும் சரியாகும். பெரும்பாலான உரிமையாளர்கள் படகைக் குறை சொல்வதோடு விட்டுவிடுகிறார்கள், பாய்த் தையல்காரரிடம் போவதில்லை.

வாங்கும்போது முதலில் பார்க்க வேண்டியது பௌஸ்பிரிட், பூம்கின் (படகின் முன்னேயும் பின்னேயும் வெளியே நீட்டும் கழிகள்), அவற்றைக் கீழே இழுத்துப் பிடிக்கும் கம்பிகள். முன்னே நீட்டியிருக்கும் பௌஸ்பிரிட்டின் நுனியிலிருந்து நீர்க்கோட்டுக்கு ஒரு ஸ்டே இறங்கும். அது அணியத்தில் மாட்டுகிற உலோகத் தகடு ஒவ்வொரு அலையிலும் நனைந்து காயும், துரு பிடிக்க அதைவிடத் தோதான இடம் இல்லை. வெளியே பளபளவென்றிருக்கும். உள்ளே சங்கிலிப் பெட்டியைக் காலி செய்து, குப்புறப் படுத்து டார்ச் அடித்துப் பார்த்தால்தான் போல்ட்டைச் சுற்றிப் பழுப்புக் கோடு வழிந்திருப்பது தெரியும். அந்தப் போல்ட்டைக் கழற்றிக் கையில் பார்க்காமல் படகை வாங்காதீர்கள். அது போனால் பௌஸ்பிரிட் மேலே தூக்கும், முன் ஸ்டே தளரும், பாய்மரம் விழும். பின்புறம் பூம்கின் மரம் உளுத்திருந்தாலும் கதி இதேதான். மரம் டெக்கைத் தொடும் இடத்தில் திருப்புளியால் குத்திப் பாருங்கள்.

இன்னொன்று: இந்தப் படகுகளில் கணிசமானவை வெறும் ஹல்லாகவோ பாதி முடித்தோ விற்கப்பட்டு, வாங்கியவர் வீட்டு முற்றத்தில் வைத்து முடித்தவை. ஒன்றில் கப்பல் தச்சரின் கைவண்ணம் இருக்கும், மற்றொன்றில் வீட்டு ஒயரை இழுத்து மின்சாரம் கொடுத்திருப்பார்கள். பெயரையும் ஆண்டையும் பார்த்து விலை மதிக்க முடியாத படகு இது. பழைய இரும்பு டீசல் தொட்டிகள் அடியில் அரித்திருப்பதும் சகஜம், அவற்றை வெளியே எடுக்கச் சமயத்தில் உள்கட்டுமானத்தையே அறுக்க நேரிடும்.

## கான்டெஸா 32

டேவிட் சாட்லர் வடிவமைத்து, லைமிங்டனில் ஜெரமி ரோஜர்ஸ் 1970-களின் தொடக்கத்தில் கட்டத் தொடங்கிய படகு. ஒடுங்கிய உடல், தாழ்ந்த டெக், தனிக் கீல், சுக்கானுக்கு முன்னே அதைத் தாங்கும் ஸ்கெக். எழுநூறுக்கும் மேல் கட்டினார்கள்.

இதன் பெயர் நிலைத்தது 1979 ஆகஸ்டில். ஃபாஸ்ட்நெட் பந்தயத்தில் 303 படகுகள் கிளம்பின. நடுவழியில் புயல் அடித்துப் பந்தயக்காரர்கள் 15 பேர் இறந்தார்கள். மிகச் சிறிய படகுகளுக்கான ஐந்தாம் பிரிவில் கிளம்பியவை 58. ஓடி முடித்தது ஒன்றே ஒன்று, 'அசென்ட்' என்ற கான்டெஸா 32. பிறகு அதே அசென்டை வில்லி கெர் ஆர்க்டிக் பனிக்கும் அண்டார்டிகாவுக்கும் ஓட்டிப்போனார்.

அந்த ஓட்டத்துக்குக் காரணம் அட்டவணையிலேயே இருக்கிறது: எடையில் 47 சதவீதம் அடிப்பாரம், அகலமோ வெறும் ஒன்பதரை அடி. நிமிர்ந்து மீள முடியாத நிலைக்குப் போக இது சுமார் 155 டிகிரி சாய வேண்டும், அதாவது ஏறக்குறையத் தலைகீழாக. தலைகீழாகப் போனாலும் அப்படியே தங்காது, அடுத்த அலையே புரட்டி நிமிர்த்திவிடும். அகலமான படகு தலைகீழானால் தெப்பம் போல அப்படியே மிதக்கும்.

எதிர்க்காற்றில் ஏறுவதில் இந்த மூன்றில் இதுதான் முதல். அந்தத் திறன் பயணத்தில் என்ன மாற்றம் செய்கிறது என்று ஒரு கணக்கில் பார்க்கலாம். துறைமுகம் நேர் காற்றெதிரே 20 கடல் மைல். இரண்டு படகும் 5 நாட் ஓடுகின்றன என்று வைத்துக்கொள்வோம். நேரே காற்றுக்குள் ஓட முடியாததால், பாயைப் பக்கம் மாற்றி மாற்றி வளைந்துதான் போக வேண்டும். ஒன்று அப்படிப் பாய் மாற்றும்போது 84 டிகிரி திரும்புகிறது, மற்றொன்றுக்கு நழுவலோடு (காற்று பக்கவாட்டில் தள்ளுவது) சேர்த்து 110 டிகிரி வேண்டும். முதல் படகு காற்றை நோக்கி மணிக்கு 3.7 மைல் நெருங்கும், இரண்டாவது 2.9 மைல்தான். முதலாவது ஐந்தரை மணி நேரத்தில் போய்ச் சேரும், இரண்டாவதுக்கு ஏழு மணி. கான்டெஸா ஓட்டுபவர் வெளிச்சத்தில் நங்கூரம் போடுவார், வெஸ்ட்செயில் ஓட்டுபவர் இருட்டில் பாறைகளுக்கு நடுவே வழி தேடுவார். நம் கணக்கில் பாதுகாப்பு என்பது இதையும் சேர்த்ததுதான்.

இதற்குக் கொடுக்கும் விலை இடமும் ஈரமும். தாழ்ந்த டெக் என்பதால் எதிர்க்காற்றில் தண்ணீர் வாரி அடிக்கும், ஓட்டுகிறவர் முகமெல்லாம் உப்பு. படகு முதல் இருபது டிகிரி சட்டென்று சாயும், அதற்கப்புறம் கெட்டியாக நிற்கும். புதிதாக ஏறுகிறவர் பயப்படும் இடம் இதுதான், பயப்பட ஒன்றுமில்லை. பின்காற்றில் ஸ்பின்னேக்கர் என்ற பலூன் போன்ற பாயோடு நேரே ஓடினால் இருபக்கமும் உருளத் தொடங்கும், 20 டிகிரி தள்ளி ஓட்டினால் அடங்கும். உள்ளே படிக்கட்டருகில் ஆறடிக்காரர் நிற்கலாம், முன்னே போகப்போகக் குனிய வேண்டும். குடும்பமாக மாதக்கணக்கில் தங்குவதற்கு இது சிறிய வீடு.

சோதிக்க வேண்டியது கீலின் அடிமுனை. அடிப்பாரம் ஃபைபர்கிளாஸுக்குள் வைத்து மூடப்பட்டிருப்பதால் கீல் போல்ட் பற்றிய கவலை இல்லை. ஆனால் பாறையில் ஒரு தட்டு தட்டியிருந்தால் தோல் கிழிந்து தண்ணீர் உள்ளே புகுந்திருக்கும். படகைத் தூக்கி வைத்து ஒரு நாள் முழுக்க விட்டு, மறுநாள் காலையில் கீலின் அடியைத் தடவிப் பாருங்கள். சொட்டுச் சொட்டாக ஈரமோ பழுப்புக் கசிவோ இருந்தால் உள்ளே போயிருக்கிறது. பிறகு பாய்மரத்தின் அடி. பாய்மரம் டெக்கின் மேல் நிற்கும் படகென்றால், அதைத் தாங்கும் கட்டுமானம் இறங்கியிருந்தால் டெக்கில் வட்டமாக விரிசல் ஓடும். இழை இழையாகத் தெரியும் மேற்பூச்சு விரிசலுக்கும் இதற்கும் வித்தியாசம் உண்டு. நகம் மாட்டுகிற அளவு விரிசல் என்றால் படகைச் சோதித்துச் சொல்லும் சர்வேயரை அந்த இடத்திலேயே நிறுத்திக் கேளுங்கள்.

## ஆல்பின் வேகா

பெர் ப்ரோஹால் வரைந்தது. ஸ்வீடனில் 1966 முதல் 1979 வரை ஏறக்குறைய 3,450 கட்டினார்கள். எண்ணிக்கை இவ்வளவு இருப்பதால் மூன்றிலும் மலிவாகக் கிடைப்பது இதுதான், பழகியவர்களும் நிறைய. கீல் நீளமானது, ஆனால் முன்பகுதி நன்றாக வெட்டி விடப்பட்டது, ஆழம் குறைவு. அதனால் ஸ்வீடனின் தீவுக்கூட்டங்களுக்குள்ளும் கால்வாய்களிலும் மற்ற இரண்டும் நுழையத் தயங்கும் இடத்தில் இது நுழைந்துவிடும்.

சின்னப் படகாயிற்றே என்று ஒதுக்கிவிட முடியாது. மாட் ரதர்ஃபோர்ட் 'செயின்ட் பிரெண்டன்' என்ற வேகாவில் அமெரிக்காவின் அனாபொலிஸிலிருந்து கிளம்பி, கனடாவுக்கு வடக்கே ஆர்க்டிக் கடலில் போகும் வடமேற்குப் பாதை வழியாக இரண்டு அமெரிக்கக் கண்டங்களையும் தனியாக நிற்காமல் சுற்றி, 309 நாள் கழித்து 2012 ஏப்ரலில் அங்கேயே திரும்பினார். எனினும் இதை முன்மாதிரியாகக் காட்டும் முன் ஒன்றை நினைக்க வேண்டும். படகில் இருந்தது ஒரே ஆள், அவருக்கு மட்டுமான உணவு.

மெல்லிய காற்றில் இது சுறுசுறுப்பாக ஓடும். எடை–நீள விகிதம் 186, எஞ்சினைத் தொடாமலே துறைமுகத்துக்குள் வரலாம். அலையில் இதன் ஆட்டம் வேகமானது, சற்றுக் கடுமையானது. எதிரே குட்டை அலைகள் நெருக்கமாக வந்தால் ஒவ்வொன்றிலும் தலை குத்தி வேகம் போகும். காற்று 18 நாட் நெருங்கும்போதே மெயின் பாயைச் சுருக்கிவிட வேண்டும். விட்டுவைத்தால் டில்லர் கனத்துப் படகு காற்றை நோக்கி இழுக்கும். மெயினைக் குறைத்த அடுத்த நிமிடமே கை இலேசாகும், வேகம் குறையாது.

வேகாவின் நிரந்தர நோய் பாய்மரத்துக்குக் கீழே இருக்கும் குறுக்குச் சட்டம். பாய்மரத்தின் பாரம் டெக் வழியாக அந்தச் சட்டத்தில் இறங்குகிறது. பாய்மரத்தைப் பக்கவாட்டில் பிடிக்கும் ஷ்ரவுட் கம்பிகளை வருடாவருடம் முறுக்கி முறுக்கி இறுக்கியதில் சட்டம் தொய்ந்து போகும். கண்டுபிடிக்கக் கருவி வேண்டாம். முன்னறைக்கும் கழிவறைக்கும் போகும் கதவுகளை மூடித் திறங்கள். மேல்விளிம்பு உரசினாலோ, யாரோ கதவை இழைப்புளியால் செதுக்கிய தடம் இருந்தாலோ சட்டம் இறங்கியிருக்கிறது. நேரான பலகை ஒன்றை டெக்கில் குறுக்கே வைத்துப் பாய்மர அடியில் எத்தனை மில்லிமீட்டர் பள்ளம் என்றும் அளக்கலாம். சரிசெய்ய வழி உண்டு. பாய்மரத்தை இறக்கி, கீழே மரக்கால் கொடுத்து ஜாக்கியால் மெல்ல மெல்ல டெக்கைப் பழைய நிலைக்கு ஏற்றி, சட்டத்தோடு சேர்த்து உலோகத் தகட்டையோ புதிய ஒட்டுமரச் சட்டத்தையோ போல்ட் போட்டு இறுக்குவது. கைவேலை தெரிந்தவருக்கு இரண்டு வார இறுதிகள் ஆகும். ஒரே நாளில் ஏற்றினால் டெக் வெடிக்கும், பொறுமையாகச் செய்ய வேண்டியது.

டெக்கும் ஹல்லும் சேரும் விளிம்பில் கசிவு, ஜன்னல் ரப்பரில் கசிவு இரண்டும் அநேகமாக எல்லா வேகாவிலும் உண்டு. படுக்கையை நனைக்குமே தவிரப் படகை மூழ்கடிக்காது. இதழின் கோணத்தை மாற்றியே முன்னும் பின்னும் போகும் பழைய உந்துசுழலி அமைப்பு இன்னும் இருந்தால், உதிரிபாகம் எங்கே கிடைக்கும் என்று விலை பேசும் முன் கேட்டு வையுங்கள்.

## 600 கிலோ ஏற்றிப் பார்ப்போம்

வாங்குகிறவர்கள் பெரும்பாலும் காலிப் படகை ஓட்டிப் பார்த்து முடிவெடுக்கிறார்கள். நெடும்பயணத்தில் படகு ஒரு நாளும் காலியாக இருக்காது. இரண்டு பேர், முப்பது நாள் என்று கணக்குப் போடுவோம். ஆளுக்கு நாளொன்றுக்கு 3 லிட்டர் தண்ணீர் என்றால் 180 கிலோ. உணவு 80 கிலோ. 100 லிட்டர் டீசல் 84 கிலோ. 8 மில்லிமீட்டர் சங்கிலி 50 மீட்டர், 70 கிலோ. உயிர்காப்புத் தெப்பமும் சிறு தோணியும் 60 கிலோ. இரண்டு ஆள் 150 கிலோ. மொத்தம் 600-ஐத் தாண்டிவிட்டது, இன்னும் கருவிகளையும் துணிமணியையும் ஏற்றவில்லை.

வெஸ்ட்செயிலுக்கு இது எடையில் 7 சதவீதம், தூசு மாதிரி. கான்டெஸாவுக்கு 14 சதவீதம், ஓட்டத்தில் தெரியும். வேகாவுக்கோ 26 சதவீதம். வேகா சுமார் 100 கிலோவுக்கு ஒரு சென்டிமீட்டர் வீதம் இறங்கும், ஆகவே ஆறு சென்டிமீட்டர் அமிழ்ந்துவிடும். மெல்லிய காற்றில் சுறுசுறுப்பாக ஓடும் என்று சொன்னோமே, அந்தக் குணம் அதோடு போய்விடும். வேகாவில் கடல் தாண்டுகிறவர் சாமானைக் குறைக்கத் தெரிந்தவராக இருக்க வேண்டும்.

## விலைச்சீட்டில் வராத செலவு

படகுத்துறை வாடகை பெரும்பாலும் நுனிக்கு நுனி நீளத்தில்தான். வெஸ்ட்செயில் பெயரளவில் 32 அடி, பௌஸ்பிரிட்டையும் பூம்கினையும் சேர்த்தால் கிட்டத்தட்ட 40. அதாவது நாலில் ஒரு பங்கு கூடுதல் வாடகை, ஒவ்வொரு மாதமும்.

அடியில் பூசும் பெயின்டுக்கு ஒரு கணக்கு உண்டு. முழுக் கீல் என்றால் நீர்க்கோட்டு நீளத்தை, அகலமும் ஆழமும் கூட்டிய தொகையால் பெருக்க வேண்டும், வெட்டிய கீலுக்கு அதில் முக்கால். வெஸ்ட்செயிலுக்கு 41 சதுர மீட்டர், கான்டெஸாவுக்கு 25, வேகாவுக்கு ஏறக்குறைய 19 வருகிறது. இரண்டு கோட் என்றால் முறையே 8 முதல் 9 லிட்டர், 5 லிட்டருக்குச் சற்று மேல், 4 லிட்டர். பாய், கயிறு, கம்பி, நங்கூரம், எஞ்சின் எல்லாம் இதே வரிசையில்தான் ஏறும். பாய்மரத்தைத் தாங்கும் கம்பிகளைப் பத்து, பதினைந்து வருடத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்லிக் காப்பீட்டுக்காரர்களும் கேட்கிறார்கள். கடைசியாக மாற்றிய ரசீது இல்லையென்றால் மாற்றவில்லை என்றே வைத்துக்கொண்டு விலை பேசுங்கள்.

## யாருக்கு எது

படகே வீடு, இரண்டு மூன்று வருடம் கடலிலேயே இருக்கப்போகிறோம், வழி பெரும்பாலும் பின்னாலிருந்து வீசும் வியாபாரக் காற்றுப் பாதை, அவசரம் இல்லை. இப்படிப்பட்டவர்கள் வெஸ்ட்செயிலை எடுக்கலாம். நெருக்கடியான படகுத்துறையில் தினமும் உள்ளே வெளியே போக வேண்டியவர்கள் அதை விட்டுவிடுங்கள். பின்னோக்கி ஓட்டும்போது முழுக்கீல் படகு சுக்கானின் பேச்சைக் கேட்காது, உந்துசுழலி எந்தப் பக்கம் இழுக்கிறதோ அந்தப் பக்கம்தான் போகும்.

ஆங்கிலக் கால்வாய், ஐரிஷ் கடல் போன்ற காற்றும் நீரோட்டமும் எதிரெதிரே முட்டும் தண்ணீரில், குறித்த நாளில் வேலைக்குத் திரும்ப வேண்டியவர்களுக்கும், இரண்டு பேராக ஓட்டி, ஓட்டத்தையே ரசிக்கிறவர்களுக்கும் கான்டெஸா. மூன்றில் ஒன்றைத்தான் சொல்ல வேண்டும் என்றால் எங்கள் தேர்வு இதுதான். கரைக்கு அருகில் அதிகம் ஓடி, எப்போதாவது வெளியே போகிற வாழ்க்கைதான் பெரும்பாலானவர்களுடையது. அந்த வாழ்க்கையில் எதிர்க்காற்றில் ஏறும் திறன் வாரந்தோறும் பயன்படும், புயலில் கிடக்கும் திறன் பத்து வருடத்துக்கு ஒருமுறைதான் தேவைப்படும். கான்டெஸாவில் இரண்டுமே இருக்கின்றன.

முதல் படகு வாங்குகிறவர், தனியாளாக ஓட்டுகிறவர், ஆழம் குறைந்த தண்ணீரில் சுற்றுகிறவர், தன் கையாலேயே பழுது பார்த்துக் கற்றுக்கொள்ள ஆசைப்படுகிறவர் ஆகியோருக்கு வேகா. மிச்சமாகும் பணத்தைப் புதுக் கம்பிகளிலும் புதுப் பாயிலும் போடுங்கள். கிழிந்து தொங்கும் பாயோடு இருக்கும் கான்டெஸாவை, நல்ல பாய் போட்ட வேகா எதிர்க்காற்றிலேயே முந்திவிடும்.

## ஓட்டிப் பார்க்கும் நாளில்

12 முதல் 15 நாட் காற்று இருக்கும் நாளாகவும், நீரோட்டம் நிற்கும் நேரமாகவும் கேட்டு வாங்குங்கள். காற்றே இல்லாத ஞாயிற்றுக்கிழமையில் எல்லாப் படகும் நல்ல படகுதான்.

பாயை இறுக்கி எதிர்க்காற்றில் ஐந்து நிமிடம் ஓடி, ஜிபிஎஸ் காட்டும் திசையைக் குறித்துக்கொள்ளுங்கள். காம்பஸ் காட்டுவது வேண்டாம், அதில் நழுவல் தெரியாது. பாய் மாற்றி இன்னும் ஐந்து நிமிடம், மறுபடி குறிப்பு. இரண்டு திசைக்கும் இடையே உள்ள கோணம்தான் அந்தப் படகின் உண்மையான ஏறும் திறன். 90-க்குள் வந்தால் நன்று, 100 என்றால் பாய் களைத்திருக்கிறது அல்லது அடியில் பாசியும் சிப்பியும் ஏறியிருக்கிறது, 110-ஐத் தாண்டினால் காரணம் கேளுங்கள். அதே ஓட்டத்தில் டில்லர் நடுக்கோட்டிலிருந்து எவ்வளவு விலகி நிற்கிறது என்றும் பாருங்கள். ஐந்தாறு டிகிரிக்கு மேல் போனால் சுக்கான் பிரேக் போட்டுக்கொண்டே வருகிறது என்று அர்த்தம். ரீஃப் போட்ட பிறகும் குறையாவிட்டால் பாய்மரச் சாய்வையும் மெயினின் தொய்வையும் பார்க்க வேண்டும்.

பிறகு ரீஃப் போட்டபடியே முன்பாயை எதிர்ப்பக்கம் பிடித்து, டில்லரைக் காற்று போகும் பக்கம் கட்டி, பத்து நிமிடம் கையை எடுத்துவிடுங்கள். வெஸ்ட்செயில் உடனே அடங்கும். கான்டெஸாவுக்கு மெயினைக் கொஞ்சம் தளர்த்தியும் இறுக்கியும் இடம் கண்டுபிடிக்க வேண்டும். வேகா மெல்ல முன்னே நகர்ந்துகொண்டே இருக்கும், முன்பாயைச் சிறிதாக்கினால் குறையும். விற்பவர் இதைச் செய்து காட்டத் தயங்கினால் நீங்களே செய்யுங்கள், சர்வேயரை அழைக்கும் முன்பே இது முடிந்திருக்கட்டும். ஓட்டம் பிடிக்காத படகுக்கு, தண்ணீரிலிருந்து தூக்கும் கூலியையும் சர்வேயர் கூலியையும் கொடுக்க வேண்டாம்.